நந்தியாவட்டையில் கொம்புப் புழு: எதைப் பார்த்தால் என்ன செய்வது

நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி, அடீனியம் இந்த நாலில் ஏதாவது ஒன்று வீட்டில் இருந்தால், விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழுவை என்றைக்காவது ஒருநாள் பார்த்தே தீருவீர்கள். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சி, இப்போதைய அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரீ, ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சிக் குடும்பம். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நிரந்தரமாகக் குடியிருக்கிறது, கோடையில் கிளம்பி ஐரோப்பா வரைக்கும்கூடப் பறந்து போய்விடும். நம்மூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. கோயில் நந்தவனத்திலும், நெடுஞ்சாலை நடுவே வரிசையாக நட்டிருக்கும் அரளியிலும், மாடித்தோட்டத் தொட்டியிலும் ஒரே மாதிரி வளரும்.

இதைப் பற்றி வரும் கேள்விகள் இரண்டே வகைதான். ஒன்று, "ஐயோ செடி போச்சு". இன்னொன்று, "புள்ளைங்க டப்பால வளர்க்கிறாங்க, புழுவுக்கு என்னவோ ஆயிடுச்சு". இரண்டுக்குமே புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும், ஏனென்றால் ஜனங்கள் நோய் என்று பயப்படுவதில் பெரும்பாலானவை அதன் வளர்ச்சியில் வந்துபோகிற சாதாரண கட்டங்கள். அதனால் மருந்து பாட்டிலைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை பொரிய மூன்று முதல் ஐந்து நாள். புழுவாக ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரம், அதற்குள் நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் தாண்டும். கூட்டுப்புழுவாக இரண்டு வாரம் போல. குளிர் இருந்தால் எல்லாமே நீளும், நம் வெயிலுக்குச் சுருங்கும்.

இனி நீங்கள் பார்ப்பது எது என்று தேடிப் படியுங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கிளை மொட்டையாகிவிட்டது

முதலில் தரையைப் பாருங்கள், செடியை அப்புறம் பார்க்கலாம். குட்டி ஆட்டுப்புழுக்கை மாதிரி கருப்பாகவோ கரும்பச்சையாகவோ உருண்டைகள் கிடக்கிறதா? ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் நீளவாக்கில் ஆறு பள்ளம் ஓடியிருப்பது தெரியும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம், பெரிய கொம்புப் புழுதான். அந்த உருண்டைகள் விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். பகலில் கிளையின் அடிப்பக்கம், தலைகீழாக, நடுநரம்போடு நரம்பாக ஒட்டிக்கொண்டு இருக்கும். கண்ணுக்கு எதிரே இருந்தும் பத்து நிமிடம் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் சீக்கிரம் மாட்டும், அப்போது மும்முரமாகத் தின்றுகொண்டிருக்கும்.

"நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையும் அதுதான். புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தில்தான் தின்னுகிறது. முதல் பத்து நாள் அது அங்கே இருந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது, கடைசி சில நாளில் மொத்தமும் காலியாகும். ஆகவே மொட்டைக் கிளையைப் பார்க்கும்போது புழு அநேகமாக முக்கால் பங்கு வேலையை முடித்திருக்கும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் தானே இறங்கிப் போய்விடும்.

செடி? ஆளுயர நந்தியாவட்டையோ அரளியோ என்றால் கவலையே வேண்டாம். தண்ணீர் ஊற்றுங்கள், நுனியை லேசாகக் கவாத்து செய்யுங்கள், தளிர் விட்டு வரும். ஒரு சாண் உயரத் தொட்டி அடீனியத்தில் மூன்று புழு இருந்தால்தான் நிஜமான பிரச்சினை. அப்போதும் கையால் எடுத்து வேலியோரத்து அரளியில் விட்டால் போதும். கையால் பிடிக்க மனசில்லாதவர்கள் அது உட்கார்ந்திருக்கும் காம்போடு நறுக்கி எடுத்துப் போகலாம். பிடித்து இழுக்காதீர்கள். அதன் பின்கால்கள் குச்சியை அப்படி ஒரு பிடி பிடிக்கும், இழுத்தால் கிழிந்துதான் வரும்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்று நிற்பவர்களுக்கு: பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்து சின்னப் புழுக்களுக்குக் கேட்கும், பெரிய புழுவுக்கு அவ்வளவாகக் கேட்காது. வேப்ப எண்ணெயும் அப்படித்தான். கடையில் கொடுக்கும் கடுமையான பூச்சிக்கொல்லியை, சாமிக்குப் பறிக்கிற பூச்செடியில், ஒரே ஒரு புழுவுக்காக அடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத காரியம்.

இன்னொன்று. இலை மொட்டையாகாமல் மடிந்து, நூலால் ஒட்டியிருந்து, உள்ளே மெலிந்த சின்னப் பச்சைப் புழு இருந்தால் அது வேறு அந்துப்பூச்சி. அந்த இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். அரளி நுனியில் மஞ்சளாக மொய்த்துக்கொண்டிருப்பது அசுவினி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். உடம்பில் வரிவரியாக, இருபுறமும் கருப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் புழு என்றால் வண்ணத்துப்பூச்சி. அதன் கூடு வெள்ளிப் பாத்திரம் போல மினுங்கிக்கொண்டு இலைக்கு அடியில் தொங்கும். அதை விட்டுவிடுங்கள், பார்க்கவே அழகு.

பெரிய நீலக் கண்ணை விழித்துப் பார்க்கிறது, வாலில் கொம்பு இருக்கிறது, கொட்டுமா?

கொட்டாது, கடிக்காது, அரிப்பும் வராது. கம்பளிப்பூச்சி பட்டு அரித்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கிறது, அந்தப் பயத்தில் இதையும் விளக்குமாற்றால் அடிக்கிறார்கள். இதன் உடம்பில் முடியே கிடையாது, தொட்டால் வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் கொம்பு மெத்தென்று வளையும், ஊசியும் இல்லை, விஷப்பையும் இல்லை.

கிட்டே போய்ப் பாருங்கள். கண் என்று நீங்கள் நினைப்பது கண்ணே இல்லை. தலைக்குப் பின்னால் மூன்றாவது வளையத்தில், இரண்டு பக்கமும், வெள்ளையும் இளநீலமும் கலந்த பொட்டு, அதைச் சுற்றிக் கரும் விளிம்பு. நிஜத் தலை அதற்கு முன்னால், சின்னதாக, வெளிர்ப்பச்சையாக இருக்கிறது. சும்மா இருக்கும்போது தோல் மடிப்புக்குள் பொட்டு பாதி மறைந்திருக்கும். தொந்தரவு செய்தால் தலையையும் முன்கால்களையும் உள்ளே இழுத்து முன்னுடம்பை உப்ப வைக்கும், உடனே பொட்டு இரண்டும் விரிந்து முறைக்கிற மாதிரி ஆகிவிடும். குருவிகளை மிரட்டத்தான் இந்த வேஷம். பக்கவாட்டில் பின்னோக்கி ஒரு வெள்ளைக் கோடு, அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக வெண்புள்ளிகள், வால் நுனியில் குட்டையாகக் கீழ்நோக்கி வளைந்த ஆரஞ்சுக் கொம்பு. இவ்வளவும் இருந்தால் அரளிப் புழுதான். அரிதாகப் பச்சைக்குப் பதில் செம்பழுப்பாகவும் வரும், பயப்பட வேண்டாம்.

கையில் எடுத்தால் பச்சையாகக் கக்கும். அதுவும் மிரட்டல்தான், நோய் இல்லை.

கவனமாக இருக்க வேண்டியது புழுவிடம் அல்ல, செடியிடம். அரளியின் இலை, பால், பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு, ஆடுமாடு அதைத் தொடாததே அதனால்தான். புழு எப்படித் தின்கிறது என்றால், அதன் நரம்பில் அந்த நஞ்சுக்குத் தடுப்பு ஒன்றும் கிடையாது, உள்ளே போனால் அதுவும் காலிதான். ஆனால் குடலும் நரம்பைச் சுற்றியுள்ள உறையும் நஞ்சை உள்ளே விடாமல் தடுத்துவிடுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இலை பறித்தாலும், டப்பாவைச் சுத்தம் செய்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ந்த அரளிக் குச்சியைக் குப்பையோடு எரிக்கவும் கூடாது, புகையும் ஆகாது.

தளிரில் பச்சை மணி, அல்லது கருப்பு வால் வைத்த மஞ்சள் நூல்

மணி என்றால் முட்டை. உருண்டையாக, பளபளப்பாக, ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், தாய்ப்பூச்சி இளம் இலையின் மேலோ அடியிலோ ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். மழைக்குப் பிறகு செடி தளிர் விடும்போது தேடினால் கிடைக்கும். பொரிகிற சமயம் பச்சை மங்கி மஞ்சளாகும். மொத்தமாகக் கருத்துப்போனால் உள்ளே சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி குடியேறிவிட்டது என்று அர்த்தம், அதிலிருந்து புழு வராது.

மஞ்சள் நூல் என்றால் பொரிந்த குஞ்சுப் புழு. மூன்று நான்கு மில்லிமீட்டர் உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளத்தில் மெல்லிய கருப்புக் கொம்பு. இது பெரிய பச்சைப் புழுவின் குட்டி என்று யாரும் நம்ப மாட்டார்கள். முதல் சாப்பாடு முட்டை ஓடு, அப்புறம் இலை, அப்புறம் பச்சை நிறம். கண் பொட்டு அடுத்தடுத்த தோலுரிப்பில்தான் எழும்பும். இந்த வயதில் கையால் தொடவே வேண்டாம், இடம் மாற்ற வேண்டுமானால் இலையோடு மாற்றுங்கள்.

வளர்க்கிற புழு ஒரு நாளாக அசையவில்லை, சாப்பிடவில்லை

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் சாவதும் இந்த இடத்தில்தான், பாவம், அக்கறை காட்டுகிறேன் என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பதால். தலையைக் கூர்ந்து கவனியுங்கள். பழைய முகம் சின்னதாக முன்னால் துருத்திக்கொண்டு, அதற்குப் பின்னால் கழுத்துப் பகுதி வீங்கி வெளுத்திருக்கிறதா? உள்ளே புதுத் தலை தயாராகிறது. தோலுரிக்கப் போகிறது. இந்தச் சமயத்தில் அது தரையிலோ குச்சியிலோ மெல்லிய பட்டு விரித்து அதில் பின்கால்களை மாட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிடிமானத்தை வைத்துத்தான் பழைய தோலிலிருந்து வெளியே நழுவ முடியும். நீங்கள் பிய்த்து எடுத்து "புது இலை மேல்" வைத்தால் பிடிமானம் போச்சு, தோல் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள். விட்டுவிடுங்கள். உரித்த தோலைத் தானே தின்றாலும் தடுக்காதீர்கள். கொம்பு புதிதாக, ஈரமாக, வளைந்து கிடந்தால் அதுவும் சரிதான், நிமிர்ந்துவிடும்.

இரண்டு நாளைத் தாண்டியும் முகம் வீங்கவில்லை, உடம்பு சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் அது வேறு கதை, இலையைப் பாருங்கள்.

இலை வைத்தாலும் தொட மாட்டேன் என்கிறது

என்ன இலை வைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நந்தியாவட்டையில் பிடித்த புழுவை நந்தியாவட்டையிலேயே வளர்க்க வேண்டும். நந்தியாவட்டையும் அரளியும் ஒரே குடும்பம், இரண்டும் அதற்கு உணவு என்பது உண்மை, ஆனாலும் ஒரு செடியில் பழகிய பெரிய புழு சில சமயம் அடுத்த செடிக்கு மாற மறுத்துப் பட்டினி கிடக்கும். முட்டைக்கோஸ், கீரை, கறிவேப்பிலை என்று வீட்டில் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் உணவுச் செடி அல்லாத இலையை அது வாயில் வைக்காது.

அடுத்தது இலையின் வயது. குஞ்சுப் புழுவுக்குக் கொழுந்து வேண்டும், முற்றிய அரளி இலை தோல் மாதிரி இருக்கும், அதன் தாடைக்கு ஆகாது. பெரிய புழு முற்றல் இலையையும் மொறுமொறுவென்று தின்னும். கடித்த விளிம்பில் பால் கசிந்து உறைந்திருப்பதைக் காணலாம்.

மூன்றாவது, இலையில் மருந்து. நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிய தொட்டிச் செடியின் இலையைப் போட்டதும் புழு முறுக்கிக்கொண்டு, கக்கிக்கொண்டு, பிடி விட்டு விழுந்தால் காரணம் அநேகமாக அதுதான். சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஊறிவிடுவதால் கழுவினாலும் போகாது. சாலையோர அரளியில் புகை, தூசி. வீட்டுச் செடியோ, மருந்தே காணாத பழைய செடியோதான் நம்பிக்கை.

இலை வாடாமல் இருக்கக் கிளையைத் தண்ணீர் பாட்டிலில் செருகி வைப்பது நல்ல வழி. ஆனால் பாட்டில் வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துக் கிடக்கும்.

கழிவு தண்ணீராகப் போகிறது, உடம்பு தொங்குகிறது, நாற்றம் அடிக்கிறது

இதுதான் நிஜ நோய். நல்ல புழுவின் எச்சம் உலர்ந்து தனித்தனி உருண்டையாக விழும். அது சேறாக மாறி, புழு பிடி தளர்ந்து, தொட்டால் கொழகொழவென்று இருந்து, கடைசியில் பின்கால் மட்டும் குச்சியைப் பிடித்தபடி கருத்துத் தொங்கினால் வைரஸோ பாக்டீரியாவோ புகுந்துவிட்டது. காப்பாற்ற முடியாது. அதை உடனே தனியே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த உடம்பு உடைந்து ஒழுகும் நீர் பட்ட இலையைத் தின்னும் அடுத்த புழுவும் போய்விடும். டப்பாவைச் சோப்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவி நல்ல வெயிலில் காயவைத்த பிறகுதான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: மூடிய டப்பா, ஈரம், நெரிசல். பிளாஸ்டிக் டப்பாவில் நாலு ஓட்டை போட்டுவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று சொல்வார்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணி கட்டுங்கள். அடியில் செய்தித்தாள் போட்டுத் தினமும் மாற்றுங்கள். கழுவிய இலையைத் துடைக்காமல் போடாதீர்கள். ஒரு டப்பாவில் பெரிய புழு ஒன்றிரண்டு போதும்.

ஒரே ஒரு சமயம் மட்டும் ஈரக் கழிவு நோயல்ல. அதை அடுத்து நிறம் மாறும் இடத்தில் சொல்கிறேன்.

உடம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது

பொடிப் பொடியான நீள்வட்டப் பஞ்சுக் கூடுகள் முதுகிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால் "புழு முட்டை போட்டிருக்கு" என்பார்கள். புழு முட்டை போடாது. கொசு அளவே உள்ள குளவியின் பிள்ளைகள் புழுவுக்குள் வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. புழு இன்னும் சில நாள் அசைந்துகொண்டிருக்கும், தின்னாது, தேறாது. தோட்டத்துக்குப் பார்த்தால் அந்தக் குளவி உங்கள் ஆள்தான், கூடுகளை நசுக்காமல் செடியிலேயே விட்டால் அடுத்த தலைமுறைப் புழுக்களை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கழுத்துப் பக்கம் தட்டையாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருக்கும் வெள்ளை முட்டை என்றால் ஒட்டுண்ணி ஈ. இதில் புழு நன்றாகத் தின்று கூட்டுப்புழுவாகக்கூட ஆகிவிடும், அதன் பிறகு ஒருநாள் கூட்டுப்புழுவைத் துளைத்துக்கொண்டு ஈப்புழுக்கள் வெளியே வந்து விழும். வெளியில் பிடித்த பெரிய புழுக்களில் இது நடக்கவே செய்யும், உங்கள் வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றால் முட்டையாகவோ குஞ்சாகவோ எடுத்து வலைக்குள் வளர்க்க வேண்டும்.

பச்சைப் புழு திடீரென்று பழுப்பாகி டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது

முதுகு கருத்துப் பழுப்பேறும், பக்கவாட்டில் ஆரஞ்சு தட்டும், ஒரு பெரிய ஈரக் கழிவு போடும், அதற்குப் பிறகு இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாள் முழுக்க மூலை மூலையாக ஓடும். தரையில், படிக்கட்டில், வாசலில் தனியாக ஊர்ந்துபோகும் பழுப்புப் புழுவைக் கண்டாலும் இதே கதைதான். வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கூடு கட்ட இடம் தேடுகிறது. சாப்பாட்டைத் திணிக்காதீர்கள், செடியில் திரும்ப ஏற்றாதீர்கள். ஏற்றினாலும் இறங்கி வரும்.

இந்தப் பூச்சி மண்ணுக்குள் ஆழமாகப் புதைவதில்லை. சருகுக்கு நடுவே, தரையோடு தரையாக, நாலைந்து இலையை நூலால் லேசாகப் பின்னி அதற்குள் படுக்கும். டப்பாவில் உலர்ந்த சருகோ கசக்கிய டிஷ்யூவோ இரண்டு மூன்று அங்குலம் போட்டு இருட்டாக வைத்தால் அதுவே வேலையை முடித்துக்கொள்ளும். தேங்காய் நார்த்தூள் போட்டாலும் சரி, ஈரம் மட்டும் சொட்டக் கூடாது. உள்ளே போனதும் சுருங்கிக் கட்டையாகிச் சில நாள் கிடக்கும். செத்துவிட்டதென்று தூக்கிப் போடுகிறவர்கள் தூக்கிப் போடுவது இந்த நேரத்தில்தான். புதிதாகத் தோலுரித்த கூட்டுப்புழு மெழுகு போல மிருதுவாக இருக்கும், இறுகும்வரை தொடவே கூடாது.

கூட்டுப்புழு உயிரோடு இருக்கிறதா, இல்லையா?

ஆரோக்கியமானது ஆறு, ஏழு சென்டிமீட்டர் நீளம், வெளிர்ப்பழுப்பு நிறம். வயிற்றுப் பக்கம் உறிஞ்சுகுழல் இருக்கும் இடத்தில் நீளமாக ஒரு கருங்கோடு, பக்கங்களில் மூச்சுத்துளைகள் கருப்புப் பொட்டாக. லேசாகத் தொட்டால் வாலை நெளிக்கும். கையில் கனமாக இருக்கும். லேசாகிவிட்டால், சுருங்கினால், வாலை மடக்கினால் அப்படியே நின்றுவிட்டால், நாற்றம் வந்தால் போய்விட்டது. தினமும் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம், அது ஒன்றும் விளையாட்டுச் சாமான் இல்லை.

இரண்டு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால், கனம் குறையவில்லை, நெளிகிறது என்றிருக்கும்வரை காத்திருங்கள். வெயில் காலத்தில் காற்று உலர்ந்திருந்தால் பக்கத்தில் உள்ள சருகில் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம், கூட்டுப்புழுவின் மேல் ஊற்றாதீர்கள். நிறம் கருத்து, தோலுக்கு அடியில் சிறகின் பச்சைக் கோலம் மங்கலாகத் தெரிந்தால் ஓரிரு ராத்திரியில் வெளியே வரும்.

வெளியே வந்தது, சிறகு விரியவில்லை

இதைச் சரிசெய்ய வழியே கிடையாது, தடுக்க மட்டும்தான் முடியும். வெளியே வரும்போது சிறகு இரண்டும் கசங்கிய சின்னத் துணித்துண்டாகத்தான் இருக்கும். பூச்சி உடனே எதிலாவது ஏறித் தொங்க வேண்டும், தொங்கினால்தான் உடம்பு நீரைச் சிறகு நரம்புக்குள் அழுத்தி விரிக்க முடியும். வழுக்கும் பிளாஸ்டிக் சுவரில் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும், சிறகு மடிந்தபடியே இறுகிவிடும். அதனால் கூட்டுப்புழு உள்ள டப்பாவில் சொரசொரப்பான குச்சியோ துணியோ சாய்த்து வையுங்கள், மேலே சிறகு முழுசாகத் தொங்க இடமும் விடுங்கள். மாலையிலேயே பார்த்து இதைச் செய்துவிடுவது நல்லது, பெரும்பாலும் இருட்டில்தான் வெளியே வரும்.

வந்த பூச்சி செம்பழுப்பாக ஒரு நீர் கழிக்கும். ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவு.

சிறகு விரிந்ததும் பறக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் சிறகு காய்கிறது. பறக்கும் முன் உடம்பு நடுங்குவது போலச் சிறகைப் படபடவென்று அடிக்கும், அது குளிர் ஜுரம் இல்லை, பறக்கும் தசையைச் சூடாக்கிக்கொள்கிறது. இருட்டியதும் வலையைத் திறந்து விடுங்கள். கூண்டில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வளர்க்க நினைக்காதீர்கள். அந்தரத்தில் நின்றபடி நீண்ட குழலை நீட்டிப் பூத்தேன் குடிக்கிற பூச்சி அது, கூண்டில் மோதி மோதிச் சிறகுதான் கிழியும்.

சுவரில் பச்சையும் இளஞ்சிவப்புமாக ஒன்று, பகல் முழுக்க நகரவில்லை

முன்சிறகில் பாசிப்பச்சை, கரும்பச்சை, நடுவில் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளைப் பட்டை, சிறகு உடம்போடு சேரும் இடத்தில் ஒரு வெளிர் வட்டம், அதற்குள் கரும்பச்சைப் புள்ளி. சிறகை விரித்தால் ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர். இதுதான் உங்கள் செடியைத் தின்ற புழு. இலைக்கூட்டத்தில் உட்கார்ந்தால் கண்டுபிடிக்கவே முடியாது, வெள்ளைச் சுவரில் மாட்டிக்கொண்டால்தான் நமக்குத் தெரிகிறது. ராத்திரி பால்கனி விளக்குக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது, பகலில் தூங்குகிறது, நோய் ஒன்றும் இல்லை. காக்கையோ பல்லியோ பூனையோ வரும் இடம் என்றால் ஒரு அட்டையை மெதுவாகக் காலடியில் நுழைத்து ஏற்றிச் செடிக்குள் மாற்றிவிடலாம். சிறகைப் பிடித்தால் செதில் தூள் உதிர்ந்துவிடும். அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி அங்கேயே வந்து சுற்றும்.

கொம்பு இருக்கிறது, ஆனால் இங்கே சொன்ன மாதிரி இல்லை

எந்தச் செடியில் பார்த்தீர்கள் என்று சொன்னாலே பாதி தெரிந்துவிடும். எள்ளிலோ கத்தரியிலோ, பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகளும் சொரசொரப்பான வளைந்த கொம்புமாக இருந்தால் மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்த பூச்சி தேன்கூட்டில் புகுந்து தேன் திருடும், பிடித்தால் கீச்சிடும். சர்க்கரைவள்ளிக் கொடியில் என்றால் அக்ரியஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு. காசித்தும்பையிலோ சேம்பிலோ, உடம்பு நெடுக வரிசையாகக் கண் பொட்டுகளோடு இருந்தால் திரெட்ரா வகை. கார்டீனியாவிலோ காபியிலோ உள்ள பச்சைப் புழு, கண்ணாடிச் சிறகோடு பட்டப்பகலில் வண்டு மாதிரி பறக்கும் செஃபோனோடஸ் ஆகும். நுணாவில் உள்ளது, பகலில் பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும், தேன்சிட்டென்று பலர் படம் எடுத்துப் போடும் மேக்ரோகுளோசம்.

டப்பாவில் வளர்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். எள், சர்க்கரைவள்ளிப் புழுக்கள் இரண்டும் அரளிப் புழு மாதிரி சருகில் படுத்துவிடாது, மண்ணுக்குள் இறங்கி அறை செய்துகொண்டுதான் கூட்டுப்புழுவாகும். டிஷ்யூ போட்டு வைத்தால் இடம் தேடி ஓடி ஓடியே சோர்ந்துபோகும். அவற்றுக்கு ஒரு வாளியில் அரை அடிக்குக் குறையாமல், கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரத்தோடு மண் போட்டு, மேலே வலை கட்டி, உள்ளே இறங்கிய பிறகு தோண்டிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.